பாடத்திட்டக் குழுவில் ஒரு கட்டிங் மாஸ்டர்

ஒரு பட்டப்படிப்பை யாரோ சிலர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும் என்பது கல்லூரி வேலைக்கு வரும்வரை எனக்குத் தோன்றியதே இல்லை. மாணவியாக இருந்தபோது சிலபஸ் என்பது பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேரும் ஒன்று. மூன்றாவது அலகில் அந்தத் தலைப்பு ஏன் இருக்கிறது, அதை வைத்தவர் யார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. திருப்பூர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஆடை வடிவமைப்புத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த பிறகு, பின்னலாடைத் தொழிலுக்கென்றே ஒரு பி.வொக், அதாவது தொழிற்கல்வி இளநிலைப் பட்டப்படிப்பு, தொடங்க நிர்வாகம் முடிவெடுத்தது. துறையில் நான்தான் இளையவள். டைப் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆலோசகராக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை. எல்லாருக்கும் அவர் ‘மேடம்’. அவருக்கு நாங்கள் எல்லாரும் ‘கண்ணு’. அவர் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்துதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

வழக்கமாகப் புதுப் படிப்பு எப்படிப் பிறக்கும் என்பது கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் சிலபஸை இறக்கி வைத்துக்கொள்வார்கள். துறையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது வரும் என்று பார்ப்பார்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு காட்டியாக வேண்டும். ஒரு பேப்பரை எடுத்தால் ஒருவரின் வேலைக்கே ஆபத்து. ஆகவே இருக்கிற பேப்பர்களுக்கெல்லாம் பெயர் மாற்றி, நடுவில் இரண்டு ‘பிராக்டிகல்’ செருகி, கே1 முதல் கே6 வரை அறிவுநிலைகளைக் குறித்து அட்டவணை போட்டால் படிப்பு தயார். அந்த அட்டவணையை நிரப்பவென்றே ஓர் எக்செல் கோப்பு எல்லாத் துறைகளிலும் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாக் கட்டத்திலும் 3 என்றுதான் இருக்கும்.

மேடம் முதல் நாளே சொன்னது: “பேப்பர் கடைசில வரட்டும் கண்ணு. மொதல்ல வேலை என்னன்னு பாக்கோணும்.”

தொழிற்படிப்பு என்ற யோசனை ஒன்றும் புதிதல்ல, அதில் அடிபட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. பட்டப்படிப்புக்குள் தொழிற்பாடத்தை நுழைக்கும் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 1994-95இலேயே கொண்டுவந்துவிட்டது. அப்போது நடந்ததை அவர் சுருக்கமாகச் சொல்வார்: பட்டம் அப்படியே இருந்தது, பக்கத்தில் ஒரு தொழில் உட்கார்ந்திருந்தது, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டு, 2014இல் யுஜிசி பி.வொக் பட்டத்துக்கு வழிமுறைகள் வெளியிட்டபோது கணக்கு மாறியது. மூன்றாண்டுக்கு 180 கிரெடிட். அதில் 108 தொழில்திறனுக்கு, 72 பொதுக்கல்விக்கு, அதாவது அறுபதுக்கு நாற்பது. ஓராண்டு முடித்து நின்றால் டிப்ளமோ, இரண்டாண்டு முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். நாங்கள் எழுதியது அந்த விதிப்படிதான். 2023க்குப் பிறகு கிரெடிட் கணக்கும் தகுதி நிலைகளின் எண்களும் மாறிவிட்டன. இன்று எழுதுபவர்கள் புதிய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் முறையில் மாற்றமில்லை.

அந்த முறைக்கு டேக்கம் என்று பெயர். 1960களின் இறுதியில் கனடாவில் பிறந்து, பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செழித்தது. ஒரு தொழிலைத் திறமையாகச் செய்துகொண்டிருப்பவர்கள் ஐந்து முதல் பன்னிரண்டு பேரை அழைத்து, இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒவ்வொரு செயலாக அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பெரிய கடமைகள் இடது ஓரத்தில், ஒவ்வொரு கடமைக்கும் உரிய பணிகள் வலதுபக்கம் வரிசையாக. விளக்கவுரை கிடையாது. பேராசிரியர்கள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். எங்கள் துறைக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

யாரை அழைப்பது என்பதிலேயே மேடத்துக்கும் நிர்வாகத்துக்கும் சண்டை. நிர்வாகம் ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களின் பட்டியலைக் கொடுத்தது. மேடம் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “ஓனர் எதுக்க உக்காந்தா யாராச்சும் வாயத் தொறப்பாங்களா?” ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூட்டம், வார நாளில் வரச் சொன்னால் அவர்களுக்குச் சம்பளம் போகும். ஞாயிறு என்றாலும் ஒரு நாள் சம்பளம் உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பிரிவில் நின்று வாங்கினார். வந்தவர்களில் ஒரு கட்டிங் மாஸ்டர், பவர் டேபிள் என்கிற கூலித் தையல் கூடம் நடத்தும் ஒருவர், சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கும் இளைஞர், ஒரு மெர்ச்சன்டைசர், ஓர் அயர்ன் மாஸ்டர், செக்கிங்கில் பல வருடம் இருக்கும் ஓர் அக்கா ஆகியோர் இருந்தார்கள்.

அட்டையில் எழுதுவது என் பொறுப்பு. ‘துணி பற்றி அறிந்திருத்தல்’ என்று எழுதினால் மேடம் கிழித்துப் போடுவார். அறிதல், புரிதல், உணர்தல் எதுவும் சுவரில் ஏறக் கூடாது. கையோ கண்ணோ செய்கிற வேலை மட்டும்தான் ஏறும்: அளப்பது, பிரிப்பது, எண்ணுவது, ஒப்பிடுவது, மறுப்பது.

கட்டிங் மாஸ்டர் முதலில் கூச்சப்பட்டார். துணி வந்ததும் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். “லே போட்டு வெட்டுவனுங்க.” வந்த உடனேயா? “அதெப்படிங்க, ரோலப் பிரிச்சு ஆற வெக்கோணுமில்ல. ஒரு ராத்திரியாச்சும் கெடக்கோணும். இல்லாட்டி வெட்டுன பீஸு மறுநாள் சுருங்கிக் கெடக்கும்.” ஏன் சுருங்குகிறது? அவருக்குத் தெரியவில்லை. “துணி மூச்சு வாங்கும்னு எங்க மாஸ்டர் சொல்லுவாருங்க.”

அந்த ஒரு பதிலிலிருந்து மேடம் ஓர் அலகையே எழுதியதைப் பார்த்தபோதுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. பின்னல் துணி நூல் வளையங்களால் ஆனது. காம்பாக்டிங் முடித்து ரோலாகச் சுற்றும்போது வளையங்கள் இழுபட்டிருக்கும். இழுவை போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். எங்கள் பி.எஸ்சி சிலபஸில் இதற்கு ஐந்தாவது செமஸ்டரில் ஒரு தலைப்பு உண்டு, பத்து மதிப்பெண் கட்டுரைக் கேள்வியாக. மேடம் அதைத் தூக்கி முதல் செமஸ்டர் பட்டறைக்குள் வைத்தார். மாணவி ரோலைப் பிரித்த உடனே வட்டக் கத்தியால் துணியில் ஒரு துண்டு வெட்டுகிறாள். அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. மறுநாள் அதே ரோலில் இன்னொரு துண்டு வெட்டி நிறுக்கிறாள். நேற்று 1.80, இன்று அதைவிடக் கூடுதல் என்றால் ஏன் என்று அவளே கேட்பாள். வளையத்தின் வடிவியல் அதற்குப் பிறகு வரட்டும்.

இதோடு அவர் நிறுத்தவில்லை. பொதுக்கல்விப் பகுதியில் கணிதத்துக்கு இருந்த கிரெடிட்டைக் கையில் எடுத்தார். டி-ஷர்ட் ஒன்றுக்கு உடல் நீளம், கை நீளம், தையலுக்கான கூடுதல் எல்லாம் சேர்த்து 100 செ.மீ, மார்பகலம் கூடுதலோடு 55 செ.மீ, முன், பின் என இரண்டு பக்கம். 11,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 1.1 சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம் துணி என்றால் ஒரு பீஸுக்கு 198 கிராம். துணி 190 ஜிஎஸ்எம் ஆக வந்துவிட்டால் 209 கிராம். பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் 110 கிலோ துணி கூடுதல். அந்தப் பணம் யார் பையிலிருந்து போகிறது? “இதுக்கு கால்குலஸ் வேண்டாம் கண்ணு, ஆனா இது தெரியாததாலதான் மாஸ்டர் மாஸ்டராவே இருக்கறாரு” என்றார்.

இந்த வாக்கியம்தான் அந்தப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. சுவரில் ஏறிய அட்டைகளைப் பார்த்து எல்லாரும் கேட்கும் கேள்வி, இந்த வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது. மேடம் கேட்டது வேறு: இந்த வேலையில் கைதேர்ந்தவர் எந்த இடத்தில் நின்றுபோகிறார்? கட்டிங் மாஸ்டருக்குத் துணி தெரியும், காஸ்டிங் தெரியாது. பையர் அனுப்பும் டெக் பேக்கை மெர்ச்சன்டைசர்தான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். பவர் டேபிள்காரருக்கு மெஷின் அத்தனையும் அத்துப்படி, ஒப்பந்தத்தில் எந்த வரி தன்னைக் கடனில் தள்ளும் என்று தெரியாது. அறுபது விழுக்காடு அவர்கள் செய்வதிலிருந்து வர வேண்டும். நாற்பது விழுக்காடு அவர்களைச் செய்யவிடாமல் நிறுத்துவதிலிருந்து வர வேண்டும். பொதுக்கல்வி என்றால் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், ஒரு சுற்றுச்சூழல், ஒரு கணினி என்று நிரப்பிவிடுகிற வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

செக்கிங் அக்கா சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. அவருடைய பணிகளாக நான் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்: அளவு பார்ப்பது, ஓட்டை பார்ப்பது, எண்ணெய்க் கறை பார்ப்பது, தையல் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது. இதில் எது கடினம் என்று மேடம் கேட்டார். “கண்டுபுடிக்கறதெல்லாம் ஈஸிங்க மேடம். ராத்திரி வண்டி வந்து நிக்கும். லைன் சூப்பர்வைசர் தலைமேல நிப்பாரு. அப்ப இந்த பீஸு பாஸ் ஆகாதுன்னு சொல்றதுதாங்க கஷ்டம்.” அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அதை அட்டையில் எழுதுவதா வேண்டாமா என்று நான் மேடத்தைப் பார்த்தேன். எழுதச் சொன்னார்: ‘அழுத்தத்தின் நடுவே குறையுள்ள பீஸை மறுத்தல்.’

திறன் கவுன்சில்கள் ஒவ்வொரு வேலைக்கும் தகுதித் தொகுப்பு வெளியிட்டிருக்கின்றன. எந்தெந்தத் தரக் குறியீட்டை எட்ட வேண்டும் என்று அதில் வரிவரியாக இருக்கும். பி.வொக் பாடத்திட்டம் அவற்றோடு பொருந்தியாக வேண்டும், திறன் பகுதிக்கு மதிப்பீடும் அந்தப் பக்கத்திலிருந்துதான். பயனுள்ள ஆவணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் அப்படியே ஒட்டினால் கிடைப்பது ஒரு பயிற்சி மையத்தின் அட்டவணை, பட்டப்படிப்பு அல்ல. அக்கா சொன்னதைக் கற்றுக்கொடுக்க ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையும் தமிழ்த் தாளின் ஒரு பகுதியையும் மேடம் பயன்படுத்திக்கொண்டார். மறுப்பதற்கான காரணத்தை சூப்பர்வைசரிடம் தமிழில் தகராறில்லாமல் சொல்வது. அதையே பையரின் க்யூசிக்கு ஆங்கிலத்தில் இரண்டே வரியில் மெயிலாக எழுதுவது.

தேர்விலும் அதுதான் வந்தது. மேசையில் தைத்த பீஸ் ஒன்று, ஸ்பெக் ஷீட் ஒன்று, அளவு டேப் ஒன்று. எந்த அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று ஷீட்டில் இருக்கும். மாணவி அளந்து, குறித்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று முடிவெடுத்து, அந்த இரண்டு வரி மெயிலை எழுதித் தர வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி முடிவுக்கும் காரணத்துக்கும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் கேட்டது: “இதுல பார்ட் ஏ, பார்ட் பி எங்கங்க?” பதில் சொல்லிச் சொல்லி மேடத்துக்குத் தொண்டை கட்டியது. எந்தப் படிப்பும் கடைசியில் அதன் தேர்வாக மாறிவிடும். சிலபஸில் எதை எழுதினாலும் கேள்வித்தாளில் ‘வரையறு’ என்று இருந்தால் மாணவி வரையறையைத்தான் மனப்பாடம் செய்வாள்.

சுற்றுச்சூழல் தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொய்யல் ஆறு ஓடும் ஊரில் அமேசான் காட்டைப் படிக்க வைப்பதில் மேடத்துக்கு உடன்பாடில்லை. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது, கழிவு நீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு திறந்தது, அந்தச் சுத்திகரிப்பின் செலவு ஒரு கிலோ துணியின் சாயக் கூலியில் எப்படி ஏறுகிறது என்பது வரை அந்தத் தாளில் உண்டு.

அடுத்தது ஆண்டுகளை அடுக்குவது. ஓராண்டில் வெளியேறலாம் என்று விதி சொல்கிறது. பாடத்திட்டம் எழுதுபவர்கள் அதைச் சடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆண்டு முழுக்க மொழிப்பாடமும் ‘அறிமுகம்’ என்று தொடங்கும் தாள்களுமாக இருந்தால், ஓராண்டில் போகிறவளிடம் ஒரு சான்றிதழ்க் காகிதம் மட்டும் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஓராண்டில் யார் போவார்கள்? கல்யாணம் நிச்சயமான பெண், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பையன். இருப்பதிலேயே அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்கள்தான். ஆகவே முதல் ஆண்டு முடிந்தால் செக்கராக நிற்கத் தெரிய வேண்டும், இரண்டாம் ஆண்டு முடிந்தால் சாம்பிள் பிரிவில் மெர்ச்சன்டைசருக்கு உதவியாளராக உட்காரத் தெரிய வேண்டும், மூன்றாம் ஆண்டில் ஓர் ஆர்டரை முழுதாகக் கையாள வேண்டும் என்று எங்கள் அடுக்கு தலைகீழானது. வரலாறும் கோட்பாடும் பின்னால் போயின. துறையில் இரண்டு பேர் என்னோடு ஒரு செமஸ்டர் பேசவில்லை.

பயிற்சிக்கு அனுப்புவதில் ஒரு விஷயம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது. ஷிப்மென்ட் நெருக்கடி நேரத்தில் மட்டும் மாணவர்களை அனுப்பச் சொல்லி ஒரு நிறுவனம் ஆர்வமாகக் கேட்டது. போன பிள்ளைகள் வாரக்கணக்கில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிசிறு வெட்டுவதும் வேலைதான். அதற்குக் கூலிதான் கொடுக்க வேண்டும், கிரெடிட் அல்ல. அதன் பிறகு லாக் புத்தகத்தில் எந்தப் பணியை எத்தனை மணி நேரம் செய்ய வேண்டும் என்று அச்சடித்தே கொடுத்தோம். நிறுவனம் கையெழுத்துப் போட்டால்தான் மாணவி உள்ளே போவாள்.

சேர்க்கை நேரத்தில் வந்த ஒரு அப்பா பவர் டேபிளில் டைலர். பிராஸ்பெக்டஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேடத்திடம் நேராகக் கேட்டார்: “நாங்க பண்றதையேதாங்க எங்க புள்ளைக்குப் படிப்புன்னு சொல்றீங்களா?” தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்த மாநிலம் இது; 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தொழிற்கல்வி என்றதும் எங்கள் பெற்றோருக்கு வருகிற சந்தேகம் நியாயமானது. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மேடம் அவருக்குக் காஸ்டிங் தாளைக் காட்டினார். பிறகு, எந்தப் பட்டமும் போதும் என்கிற போட்டித் தேர்வுகளை பி.வொக் முடித்தவர்களும் எழுதலாம் என்ற யுஜிசி அறிவிப்பின் நகலைக் கொடுத்தார். “உங்க பொண்ணு டைலராகறதுக்கு இங்க வர வேண்டியதில்லைங்க. உங்களுக்கு ரேட்டு போடறவங்க இருக்காங்கல்ல, அவங்க எதுக்க உக்காரத்தான்.” அவர் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார். மகளைச் சேர்த்தாரா என்றால், சேர்த்தார். ஆனால் பி.காமில்.

எங்களால் கடைசிவரை தீர்க்க முடியாதது, யார் சொல்லிக்கொடுப்பது என்பது. கட்டிங் மாஸ்டரிடம் நெட், பிஎச்.டி இல்லை, கௌரவ விரிவுரையாளர் பட்டியலில்கூட அவர் பெயர் ஏறாது. 2022இல் யுஜிசி ‘பிராக்டீஸ் பேராசிரியர்’ என்ற பதவிக்கு வழி திறந்தது. முறையான கல்வித் தகுதி கட்டாயமில்லை, 15 ஆண்டு அனுபவம் போதும். நல்ல விஷயம். ஆனால் உயர்பதவியில் இருந்தவர்களுக்கே அந்த விதி முன்னுரிமை சொல்கிறது. ஆகவே கல்லூரிகள் கூப்பிடுவது ஓய்வுபெற்ற பொது மேலாளர்களை. ரோலை ஆற வைக்கத் தெரிந்தவருக்கு இன்னும் ‘செயல்விளக்க உதவி’ என்ற தலைப்பில், வவுச்சரில்தான் பணம் போகிறது.

மேடம் இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பாடத்திட்ட வேலை வந்தால் நான் போனில் கேட்பேன், அவர் திட்டுவார். இந்த வருடம் பக்கத்துக் கல்லூரிகள் சில தொழிற்படிப்பு எழுத என்னைக் கூப்பிட்டிருக்கின்றன. அவர்களுக்கும் இதைப் படிக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்த நாற்காலி பெரும்பாலும் ஏதோ ஒரு ஹெச்.ஆர். மேலாளருக்குப் போகிறது, அவர் வந்து, டீ குடித்து, ‘சாஃப்ட் ஸ்கில் வேணுங்க’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அடுத்த முறை அந்த இடத்துக்கு ஒரு கட்டிங் மாஸ்டரையோ செக்கிங் அக்காவையோ கூப்பிடுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அன்றைய சம்பளத்தைக் கொடுங்கள். வரைவைத் தமிழில் அடித்து ஒரு வாரம் முன்பே அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.